வெள்ளிக்கிழமையும் அதுவுமா…

முந்தாநாள் கத்தரிக்கோலோடு மணி பிளான்ட் பக்கம் போனதுதான் தாமதம், பூஜையறையிலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார்: “டேய், வெள்ளிக்கிழமையும் அதுவுமா வரவை வெட்டுறியா?” என் வரவு மாசக் கடைசியில் வங்கிக்கு வருகிறது, அதற்கும் கொடிக்கும் சம்பந்தமில்லை என்று வாதாடி ஜெயித்தவர் உங்கள் வீட்டிலும் இருக்கமாட்டார்.

எங்கள் கொடி ஷோகேஸ் மேலிருக்கும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் புறப்படுகிறது. டிவியைத் தாண்டி, தாத்தா படத்தை வலம் வந்து, கடிகாரத்தில் பன்னிரண்டை மறைத்து (மதியம் மணி பார்க்கக் கொடியை விலக்க வேண்டும்), கர்ட்டன் கம்பியில் ஏறுகிறது. அதனால் திரையை இழுத்து மூட முடியாது. நாங்கள் சாப்பிடுவதை எதிர் பிளாட்காரர் தினமும் பார்க்கிறார். பிறகு ஆணி, ஆணிக்கு ஆணி நூல், சுவிட்ச் போர்டு. ஃபேனைப் போட விரலை உள்ளே நுழைத்துத் துழாவ வேண்டும். பெயின்ட் அடிக்க வந்தவர் பெரியம்மா முறைத்த முறைப்பில் கொடியைச் சுற்றியே அடித்துவிட்டுப் போனார். வென்டிலேட்டர் வழியே வெளியே எட்டிப் பார்த்த நுனியை, வரவு எதிர் பிளாட்டுக்குப் போய்விடும் என்று பெரியம்மா உள்ளே திருப்பிக் கட்டினார். இப்போது வந்த வழியே திரும்பிக்கொண்டிருக்கிறது. இத்தனை பயணத்தில் இலை இருப்பது நுனிப் பக்கம் மட்டும். மற்றதெல்லாம் மொட்டைத் தண்டு. கேபிள்காரர் தன் ஒயர் என்று நினைத்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

கவாத்து செய்வது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நுனிக்குருத்தில் ஊறும் ஆக்சின் கீழிறங்கி, பக்க மொட்டுகளைத் தலைதூக்க விடாது. கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அவை விழித்துக்கொள்ளும், செடி அடர்ந்து வரும். வெட்டிய துண்டைக் கணு முங்கத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். குரோட்டன்ஸுக்கும் இதேதான், வடிகிற பால் வேட்டியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோலியஸில் பூக்கதிர் தலைகாட்டியதும் கிள்ள வேண்டும்; பூவைக் கிள்ள எந்த வீட்டில் விடுகிறார்கள்?

ஆக்சின் கதையைப் பெரியம்மா பொறுமையாகக் கேட்டார். “சரிடா, நாள் பார்த்து வெட்டு.” செவ்வாய், வெள்ளி ஆகாது. சனிக்கிழமை இரும்பைத் தொடக் கூடாது. விளக்கு வைத்தபின் செடி தூங்கும். மற்ற பகலெல்லாம் நான் ஆபீஸில். ஞாயிறு? விருந்தாளிகள்.

அவர்களுக்கு மட்டும் நாள், நட்சத்திரம் எதுவும் கிடையாது. மணி பிளான்ட் திருடி வைத்தால்தான் தழைக்குமாம். அவர்கள் கிள்ளும்போது பெரியம்மா சமையலறைக்குள் போய்விடுகிறார், நம் வரவும் குறைவதில்லை. போன வாரம் வந்தவர் கணுவை விட்டுவிட்டு வெறும் இலையைக் கிள்ளிப் போயிருக்கிறார். எத்தனை நாள் தண்ணீரில் வைத்தாலும் அது கொடியாகாது. எங்கே கிள்ளுவது என்று கேட்டிருந்தால் நானே காட்டியிருப்பேன். கேட்டால் திருட்டு ஆகாதாம்.