கணக்குப்பிள்ளை மலையேறுகிறார்

ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் ஒன்று டெனெரீஃப். அதன் நடுவே நிற்கும் தெய்தே எரிமலை 3,715 மீட்டர். ஸ்பெயினில் அதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. கடற்கரையில் தொடங்கி 2,000 மீட்டருக்கு மேல் ஏறிப்போகும் தார்ச்சாலையும் இருப்பதால், வழிகாட்டியோடு ஒரு வாரம் சைக்கிள் மிதிக்கப் பணம் கட்டி வருகிறவர்களுக்கு அங்கே குறைவில்லை. அவர்களில் ஒரு ரகம் உண்டு. நாற்பதைத் தாண்டிய வயது, மழித்த கால், ஊரில் பெரிய உத்தியோகம். காசு கொடுத்து உடம்பை வருத்திக்கொள்ளும் பைத்தியம் என்று அவரை உறவினர்கள் முடிவுகட்டியிருப்பார்கள். அநியாயத் தீர்ப்பு. அவரைவிடத் தெளிந்த புத்தி யாருக்கும் இல்லை. அவர் ஒரு கணக்குப்பிள்ளை, எரிமலை அவருடைய பேரேடு.

அவருடைய சக்கரங்களைப் பாருங்கள். 300 கிராம் குறையட்டும் என்று பெரும் செலவில் மாற்றியவை. ஆளும் வண்டியுமாக 90 கிலோ என்றால், அது முந்நூறில் ஒரு பங்கு. மூன்று மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது சுமார் 36 விநாடி. அந்தச் சேமிப்போடு 1,400 மீட்டர் உயரத்திலுள்ள விலாஃப்ளோர் ஊரை அடைந்து, காப்பியும் கேக்குமாக இருபது நிமிடம் உட்கார்ந்துவிடுவார். அது செலவில் சேராது. வண்டி நின்றால் மீட்டரும் தானாக நின்றுவிடும்படி ஏற்பாடு. அதற்கும் மேலே பைன் காடு முடிந்து, உறைந்த எரிமலைக் குழம்பு கறுப்பும் செம்பழுப்புமாக விரிகிறது. இந்தத் தீவில் கடைசியாக 1909-இல் சின்யேரோ வெடித்தது என்று வழிகாட்டி ஆரம்பிக்கிறார். நம்மவர் குனிந்த தலை நிமிராமல், “இப்போது எத்தனை சதவீதம்?” என்கிறார். சாலையின் சரிவைத்தான் கேட்கிறார். ஆனால், இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று சொன்னால் காது விடைத்துக்கொள்ளும். மெதுவாக ஏறியதற்கு வவுச்சர் கிடைத்துவிட்டதே!

தொழில்முறை வீரர்களும் அங்கேதான் பயிற்சி செய்கிறார்கள், அவர்களும் மீட்டரைத்தானே பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். பார்க்கிறார்கள், அந்த எண்ணுக்கு அவர்களுக்குச் சம்பளம் வருகிறது. நம்மவர் அதே எண்ணுக்கு ஈட்டிய விடுப்பையும் சேமிப்பையும் கொடுக்கிறார். உடம்புக்கு நல்லதாயிற்றே என்ற வாதத்தில் கொஞ்சம் பலம் உண்டு, ஓட்டலின் இரவுச் சாப்பாடு வரைக்கும். உப்புப் பூத்த உருளைக்கிழங்கை மோஹோ சட்னியில் தோய்த்து மூன்றாம் தட்டு நிரப்பும்போது, பகலில் எரித்த கலோரியைச் சொல்லி அதை நேர்செய்துவிடுவார்.

பெட்டியையும் வாழைப்பழத்தையும் சுமந்து பின்னாலேயே வேன் வரும்போது இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று கேட்பவர்களுக்கு விஷயம் புரியவில்லை. வேன் இல்லாவிட்டால், தீவின் மாஸ்கா ஊருக்குப் போகும் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு முட்ட மிதிப்பது வேறு வழியில்லாத காரியம். வேன் இருந்தும் ஏறாமலிருந்தால்தான் அது வரவு. அதனால்தான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே வரும் ஓட்டுநரை அவர் மனதாரப் பாராட்டுகிறார். மாலையில் எல்லாரும் குளிக்கப் போன பிறகும் ஓட்டலின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவர் வட்டமடித்துக்கொண்டிருந்தால், உதவிக்கு ஓட வேண்டாம். மீட்டரில் 98.6 கிலோமீட்டர் காட்டுகிறது, பாக்கி 1.4.