விடைபெறும் கலை

ராக் இசையில் ஓய்வு என்பது ஒரே தடவையில் கைவரும் வித்தை அல்ல. தி ஹூ குழு 1982-இல் விடைபெற்றது. 1989-இல் மறுபடி ஊர் ஊராகக் கிளம்பியது. மோட்லி க்ரூ ஒருபடி மேல்: இனிச் சுற்றுப்பயணமே இல்லை என 2014-இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 2019-இல் அந்த ஒப்பந்தத்தையே வீடியோவில் வெடிவைத்துத் தகர்த்தது. சட்டச் சிக்கல் சுத்தமாகத் தீர்ந்தது.

ரசிகருக்கும் லாபமே. 'கடைசி வாய்ப்பு' பலமுறை வாய்க்கிறது. உச்சஸ்தாயி நெருங்கும்போது பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவார். டிக்கெட் வாங்கியவரே பாடிக்கொள்ளலாம்.

2000-இலேயே விடைபெற்றுப் பழகிய கிஸ் குழு, 2023 டிசம்பரில் நியூயார்க்கில் ஒருவழியாக முடித்துக்கொண்டது. அன்றிரவே அவர்களின் டிஜிட்டல் உருவங்கள் திரையில் பாடத் தொடங்கின. அவற்றுக்கு மூட்டுவலி இல்லை, மூச்சிரைப்பு இல்லை. விடைபெறும் பயணம்தான் இன்னும் அறிவிக்கப்படவில்லை.