காத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதே, மருமவனே

வண்டியைச் சுத்தி வந்து பாத்தாச்சு மருமவனே. நிறம் அம்சமா இருக்கு. சந்தனம் வச்சு, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கடியிலயும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி, எல்லாம் முறைப்படி நடந்திருக்கு. ஒரே ஒரு சந்தேகம்தான். முன் பம்பர்ல ரெண்டு ஓரத்துலயும் கறுப்பா ஓட்டை இருக்குல்லா, "பிரேக்குக்குக் காத்துப் போற வழி மாமா"ன்னு சொன்னியே, அதுக்குள்ள விரலை விட்டுப் பாத்தேன். போகலை. ஈர்க்குச்சியை விட்டுப் பாத்தேன், அதுவும் போகலை. அது ஓட்டை இல்லலே, ஓட்டையோட படம். பிளாஸ்டிக்கைக் குழிவா வார்த்துக் கறுப்படிச்சு வச்சிருக்கான். பின்னால ரெண்டு சைலன்சர் வாய் பளபளன்னு தெரியுதேன்னு குனிஞ்சு பாத்தேன், அதுவும் அந்த வகைதான். நெசக் குழாய் உள்ளுக்குள்ள தரையைப் பாத்து வெக்கத்தோட வளைஞ்சு நிக்கி.

கோவப்படாதே. நான் என்னத்தைக் கண்டேன், லாரி ஓட்டின பய. ஆனா எம்பேத்தி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கா. பரிச்சைக்கு அவ சத்தம்போட்டுப் படிக்கையில பாதி எங்காதுல தானா விழும். மீதியை முறுக்கு வாங்கிக் கொடுத்துக் கேட்டுக்கிடுவேன். அதுபோக நான் பனகுடிக்காரன். ஆனி, ஆடியில ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற காத்தை நம்பித்தான் முப்பந்தல்ல அத்தனை காத்தாடியும் நட்டு வச்சிருக்காவ. பாரம் ஏத்தாத லாரியை அந்த ரோட்டுல ஓட்டினவனுக்குக் காத்துன்னா என்னன்னு தனியா யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

"இந்த வண்டி ஏரோடைனமிக் மாமா, பாத்தாலே தெரியலையா"ன்னு நீ கேட்டே பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கண்ணுக்கு வேகமாத் தெரியுறது வேற, காத்து வழிவிடுறது வேற. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுப் பெரிய பெரிய கார்க் கம்பெனிக்காரனே கையைச் சுட்டுக்கிட்டிருக்கான்.

முன்னால கூரா இருந்தா காத்தைக் கிழிச்சிட்டுப் போகும்னுதானே நீ நினைக்கே? நம்ம குளத்துல கெளுத்தியைப் பாத்திருப்பே. தலை மொத்தம், வால் மெலிசு. தண்ணிக்குள்ள ஓடிப் பிழைக்கிற சீவன் மூஞ்சியைக் கூராக்கிக்கிடலை, வாலைத்தான் மெலிசாக்கியிருக்கு. காருக்கும் கதை அதேதான். முன்னால விலகின காத்து பின்னால வந்து பைய ஒண்ணு சேரணும். திடீர்னு வெட்டி விட்டேன்னா சேர வழி தெரியாம அங்கனயே சுழலும். அந்த இடத்துல அழுத்தம் குறைஞ்சு, வண்டியைப் பின்னால பிடிச்சு இழுக்கும். உங்க அக்கா வண்டி, அந்தக் குட்டை ஹேட்ச்பேக், மழையில ஒரு நடை போயிட்டு வந்தா முன்னால சுத்தமா இருக்கும், பின் கண்ணாடி பூராவும் சேறு அப்பியிருக்கும். காரணம் என்னன்னு யோசிச்சிருக்கியா? அந்தச் சுழல்தான் சேத்தை அள்ளிக்கொண்டு வந்து பூசுது. அதுக்குத்தான் அந்த வண்டிக்குப் பின்னால ஒரு வைப்பர்.

அப்படின்னா வாலை நீட்டி விட்டுரலாமேம்பே. நீட்டினா எந்தத் தெருவுல நிறுத்துவே? வூனிபால்ட் காம்னு ஒரு ஜெர்மன்காரர் 1930-கள்ல இதுக்கு ஒரு தந்திரம் கண்டுபிடிச்சார். வாலை அளவா மெலிய விட்டு, பாதியில நறுக்குனு வெட்டிரு. மீதி வால் இருக்குன்னே காத்து நினைச்சுக்கிடும். இன்னைக்கு டொயோட்டா பிரியஸ் பின்னால உசந்து நறுக்குனு நிக்குதே, அந்தப் பரம்பரைதான். காத்தையே ஏமாத்தின மனுசன், அவரைக் கும்பிடணும்.

இந்த வடிவத்துக்கெல்லாம் ஒரு நம்பர் வச்சிருக்காவ, டிராக் கோ-எஃபிஷியன்ட்னு. குறைச்சலா இருந்தா காத்து லேசா விடும், கூடினாப் பிடிச்சு நிறுத்தும். இன்னைக்கு வர்ற சாதாரண செடான் காருக்கு 0.30 பக்கத்துல இருக்கும். இதை மனசுல வச்சுக்கோ, பொறவு வேணும்.

இப்ப அமெரிக்காவுக்கு வா. 1934-ல கிரைஸ்லர் கம்பெனி ஏர்ஃப்ளோன்னு ஒரு கார் இறக்கினான். கார்ல் ப்ரீர்னு இன்ஜினியர். ஏரோப்பிளேன் விட்ட ரைட் சகோதரர்கள்ல ஒருத்தர் ஆர்வில், அவர்கிட்டயே யோசனை கேட்டு, விண்ட் டனல் கட்டி, அன்னைக்கு ரோட்டுல ஓடின கார்களோட மாதிரியை உள்ளே வச்சு ஊதிப் பாத்தாவ. பாத்தா, அந்தக் கார்கள் நேராப் போறதைவிட ரிவர்ஸ்ல போனாத்தான் காத்து குறைச்சலாத் தடுக்கு! ஊரு உலகம் அத்தனையும் காரைப் பின்பக்கமா ஓட்டிக்கிட்டிருக்குன்னு கண்டுபிடிச்சவனுக்கு ராத்திரி தூக்கம் வருமா? அதை ஊருக்குக் காட்டணும்னு, தங்களோட டிசோட்டோ கார் ஒண்ணுல பாடியைக் கழட்டித் திருப்பிப் பூட்டி, ஹாரி ஹார்ட்ஸ்னு ஒரு ரேஸ்காரரை வச்சு ஓட்டியும் காட்டினாவ. எதிர்ல வந்தவன் பிரேக்கை மிதிச்சானோ, ஓரங்கட்டிக் கும்பிட்டானோ.

ஏர்ஃப்ளோ வந்துச்சு. மூஞ்சியை உருட்டி, ஹெட்லைட்டை உடம்புக்குள்ள புதைச்சு, இன்ஜினை முன் அச்சுக்கு மேல தள்ளி, உள்ளே உக்கார்றவன் ரெண்டு அச்சுக்கும் நடுவுல குலுங்காம உக்கார்ற மாதிரி செஞ்சிருந்தான். கெட்டியா இருக்குன்னு நிரூபிக்க, ஆளில்லாத காரை 110 அடிப் பாறை மேல இருந்து உருட்டி விட்டு, கீழே விழுந்ததை ஸ்டார்ட் பண்ணி ஓட்டிட்டுப் போற மாதிரி சினிமாவும் எடுத்தான். காத்து சரி, சொகுசு சரி, கெட்டி சரி. சனங்க மூஞ்சியைப் பாத்துட்டு வேற கடைக்குப் போயிட்டாவ. நீளமான பானட்டுன்னா உள்ளே பெரிய இன்ஜின், பெரிய இன்ஜின்னா பெரிய மனுசன், அதானே அன்னைக்குக் கணக்கு? இவன் மூக்கைக் குறைச்சிட்டான். அடுத்த வருசமே முன்னால ஒரு நீட்டின கிரில்லை ஒட்டிச் சமாளிச்சுப் பாத்தான். 1937-ஓட கடையைக் கட்டினான்.

காலத்துக்கு முந்தி வந்த கார், அதான் விக்கலைன்னு எம்பேத்தி சொல்லுதா. நான் ஒத்துக்கிட மாட்டேன். காலத்தை ஏன் ஏசணும், அந்த மூஞ்சி நல்லால்லை, அவ்வளவுதான். அதே 1934-ல செக்கோஸ்லோவாகியாவுல டாட்ரா 77-னு ஒண்ணு வந்துச்சு. அதுவும் காத்துக்குன்னே செஞ்ச வடிவம், இன்ஜின் பின்னால, முதுகுல நெடுக ஒரு துடுப்பு. போட்டோவைக் காட்டினா நீயே வாயைப் பொளப்பே. காத்துக்கு மரியாதை கொடுத்தா அழகு கெட்டுப் போகும்னு எந்தச் சட்டமும் கிடையாது. செய்யுதவன் கையில இருக்கு.

இதுக்கு நேர் எதிர்ச் சங்கதி ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1961-ல ஜெனீவாவுல ஜாகுவார் இ-டைப்னு ஒரு காரைக் காட்டினாவ. நீண்ட மூக்கு, சிறுத்த இடுப்பு, நிக்கும்போதே ஓடுற மாதிரி ஒரு தோற்றம். நியூயார்க்ல மாடர்ன் ஆர்ட் மியூசியத்துல ஒண்ணை வச்சிருக்காவ. அதை வரைஞ்ச மால்கம் சேயர் ஏரோப்பிளேன் கம்பெனியில வேலை பாத்தவர். ஸ்டைலிஸ்ட்னு கூப்பிட்டா அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொரு வளைவையும் கணக்குப் போட்டுத்தான் இழுப்பார். இவ்வளவும் சொல்லிட்டு அந்த நம்பரைக் கேளு: 0.44! உன் ஆபீசுக்கு ஆள் ஏத்த வர்ற டாக்சி செடானைக் காத்து இதைவிட லேசா விடும். இ-டைப் தாழ்வா, ஒடுங்கி இருந்ததால காத்துக்கு முன்னால காட்டுற மார்பு சின்னது, அதனால தப்பிச்சுது. ஆனா காத்துக்கே பிறந்த பிள்ளைன்னு உலகம் பூராவும் இன்னைக்கும் சத்தியம் பண்ணுது. நான் குறை சொல்லலை. அந்த வண்டியை யாராவது எனக்குக் கொடுத்தா 0.44-ஐ ஒரு கேள்வியும் கேக்காம வாங்கிக்கிடுவேன்.

கேடிலாக் கதை இன்னும் கூத்து. ஹார்லி ஏர்ல்னு டிசைன்காரர், ரெண்டாம் உலகப்போர் விமானம் ஒண்ணோட வாலைப் பாத்து மயங்கி, 1948 மாடல் காருக்குப் பின்னால சின்னதா ரெண்டு துடுப்பு வைக்கச் சொன்னார். வருசா வருசம் வளந்து, 1959-ல அது கோபுரமாவே ஆயிட்டு. பறந்துச்சான்னு கேக்காதே. வித்துச்சு.

இப்ப உன் றெக்கைக்கு வருவோம். டிக்கி மேல ரெண்டு காலை ஊண்டி நிக்குதே, அதுதான். சீட் கவர் கடையில டபுள் சைடு டேப் போட்டு ஒட்டினதுதானே? மறைக்காதே, ஓரத்துல டேப் பிதுங்கிக்கிட்டு தெரியுது. றெக்கைங்கிறது கெட்ட சாமான் இல்லை. வேகமாப் போகையில வண்டி மேல காத்து வளைஞ்சு போறதால பின்பாகம் லேசாத் தூக்கும், அதை அமுக்கிப் பிடிக்கத்தான் றெக்கை. ஆடி டிடின்னு ஒரு கார் 1998-ல வந்துச்சு. எந்தப் பக்கம் பாத்தாலும் வட்டமா, ஒட்டு இல்லாம, றெக்கை கிக்கை ஒண்ணும் கிடையாது. ஜெர்மனியில ஹைவேல காட்டு வேகத்துல போனவனுக்குப் பின்பக்கம் லேசாகி, விபத்தாகி, உயிரும் போச்சு. பொறவு கம்பெனியே வண்டியைத் திருப்பிக் கூப்பிட்டு, சஸ்பென்ஷனை மாத்தி, டிக்கி ஓரத்துல ஒரு சின்ன உதடு வச்சுக் கொடுத்தான். அந்த வடிவத்தை வரைஞ்சவனுக்கு அந்த உதடு கசந்திருக்கும். ஆனா அது நெசமான றெக்கை, ஒரு உசுருக்குப் பதில் சொல்லுற றெக்கை.

உன்னுது? நீ நாகர்கோவில் டவுனுக்குள்ள 40-ல போறே. காத்தோட கணக்கு வேகத்தோட வர்க்கம். 40-ல ஒரு பங்குன்னா 80-ல நாலு பங்கு, 120-ல ஒம்பது பங்கு. 40-ல அந்தப் பலகை அமுக்குறதைவிட அதும்மேல உக்கார்ற காக்கா கூட அமுக்கும். அதைவிடப் பெரிய வேடிக்கை, உன் வண்டியில இன்ஜின் இழுக்கிறது முன் சக்கரத்தை. நீ காசு கொடுத்து அமுக்குறது பின் சக்கரத்தை. மனசு கேக்கலைன்னா ஒரு ஆறுதல் சொல்லுதேன்: லம்போர்கினி கவுன்டாக்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார்ல பின்னால பெரிய றெக்கை வேணும்னா தனிக்காசு கொடுக்க வேண்டியிருந்துச்சு. கொடுத்து மாட்டினவன் வண்டி, மாட்டாதவன் வண்டியைவிட மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் மெதுவா ஓடுச்சு. வாங்கினவன் ஒருத்தனும் அழுததாத் தெரியலை. பயலுவ சுவத்துல ஒட்டின போஸ்டர்ல அந்த றெக்கை வச்சதுதானே இருந்துச்சு!

இன்னொண்ணையும் கேளு, உனக்கு ஆகும். ஃபோர்ட் சியரான்னு 1982-ல ஒரு கார், மூலை முடுக்கெல்லாம் வழிச்சு விட்ட வடிவம், நம்பர் 0.34. நேர்க்காத்துக்கு நல்ல பிள்ளை. பக்கக் காத்து அடிச்சா ஆடுச்சு. பொறவு பின் சன்னல் ரப்பர்ல மெலிசா ஒரு வரப்பு மாதிரி எழுப்பி விட்டாவ, காத்து ஒழுங்கான இடத்துல பிரிஞ்சு போறதுக்கு. பாத்தா ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாது. எனக்கு இந்த வேலைதான் பிடிக்கும். போட்டோவுக்கு நிக்காத வேலை.

இப்பவாவது சனங்க திருந்திட்டாவளான்னா, மெர்சிடஸ் கடைக்குப் போ. ஒரு பக்கம் இ.க்யூ.எஸ்னு பேட்டரிக் கார், 0.20. காத்துக்கு அதுல பிடிக்க ஒரு மூலை கிடைக்காது. பேட்டரி வண்டிக்கு இது முக்கியம், காத்தோட மல்லுக்கட்டினா அவ்வளவுக்கு சார்ஜ் போயிரும். இன்னொரு பக்கம் ஜி-கிளாஸ், 1979-ல இருந்து அதே பெட்டி, பெட்ரோல் வண்டியோட நம்பர் அதைப்போல ரெண்டு மடங்குக்கும் மேல. முன்னதைப் பாத்து மூக்கைச் சுளிக்கான், பின்னதை எப்படியாவது வாங்கணும்னு நிக்கான். ரெண்டும் ஒரே கம்பெனி, ரெண்டுக்கும் ஒரே நட்சத்திரம். 1934-ல மூஞ்சியைப் பாத்து ஓடின ஆள்களோட பேரன் பேத்திதானே இவிய.

அதனால நான் உன்னை ஏசலை. றெக்கை அழகா இருக்குன்னு ஒட்டினேன்னு சொல்லு, நானே கூட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன். பொய் ஓட்டை பிடிச்சிருக்குன்னு சொல்லு, தினம் துணி வச்சுத் துடைச்சு விடுதேன். காத்துக்காக, மைலேஜுக்காக, பாதுகாப்புக்காகன்னு அளக்காதே. மைலேஜ் வேணும்னா டயர்ல காத்து அளவாப் பிடி. மேல மாட்டியிருக்கிற வெறும் லக்கேஜ் கேரியரைக் கழட்டி வீட்டுல வை, கார் வாங்கின நாள்ல இருந்து அதுல ஒரு பை ஏறலை. ஹைவேல 110-ல போறவன் 90-க்கு வா. இது மூணுக்கும் சீட் கவர் கடைக்காரனுக்கு அஞ்சு பைசா கொடுக்க வேண்டாம். அதான் அவன் உங்கிட்டச் சொல்லலை.

சரி, இருட்டுறதுக்குள்ள கிளம்பு. காவல்கிணறு விலக்கு தாண்டினதும் ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பிடி, முப்பந்தல் பக்கம் காத்து இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்கு. இறங்கினா கதவைக் கையை விட்டு விட்டுராதே, பிடுங்கிட்டுப் போயிரும். அப்படியே அந்த றெக்கை பிய்ஞ்சு விழுந்தா ரோட்டுல போட்டுட்டுப் போகாதே, எடுத்து எங்கிட்டக் கொடு. உங்க அத்தை கோழிக்கூட்டுக்கு மேல போட ரொம்ப நாளா ஒரு பலகை கேட்டுக்கிட்டிருக்கா.