பள்ளிக்கூட வரியைத் தோற்கடிக்கச் சில யோசனைகள்

ஒஹாயோவில் வீடு வாங்கிவிட்டீர்களா? வாழ்த்துகள். இனிச் சில வருஷத்துக்கு ஒருமுறை உங்கள் வாக்குச்சீட்டில் ‘ஸ்கூல் லெவி’ வந்து நிற்கும். பள்ளிக்கூடம் நடத்தச் சொத்துவரியைக் கூட்டலாமா, வேண்டாமா என்று உங்களையே கேட்பார்கள். ‘வேண்டாம்’ போடுவது சுலபம். மனம் உறுத்தாமல் போடுவதற்குத்தான் பயிற்சி தேவை.

முதலில், கணக்கை உங்களுக்குத் தோதாகப் போடுங்கள். வீட்டின் சந்தை மதிப்பில் 35 சதவீதத்துக்குத்தான் வரி. அதில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர் என்பது ஒரு மில். 2,00,000 டாலர் வீட்டுக்கு 5 மில் என்றால் வருஷத்துக்கு 350 டாலர். “தினம் ஒரு டாலர்கூட இல்லையே” என்று யாராவது வகுத்துக் காட்டினால், நீங்கள் பெருக்கத் தொடங்குங்கள். பத்து வருஷத் தொகை பார்க்கவே பயங்கரமாக இருக்கும்.

அடுத்து, ஊர்க்கூட்டத்தில் எழுந்து, “போன தடவை கொடுத்த பணம் என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். கேட்டதும் உட்கார்ந்துவிடாமல் வெளியே போய்விடுவது நல்லது. ஏனென்றால் பதில் இருக்கிறது. 1976-ல் வந்த ஹவுஸ் பில் 920 என்ற சட்டப்படி, வீடுகளின் மதிப்பு ஏற ஏற, மக்கள் வாக்களித்துத் தந்த லெவியின் விகிதம் இறங்கிக்கொண்டே வரும். இருக்கிற வீடுகளிலிருந்து பள்ளிக்குக் கிடைப்பது ஏறக்குறைய அதே பழைய தொகைதான். பஸ் டீசலோ ஆசிரியர் சம்பளமோ இந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. அதனால்தான் பள்ளிக்கூடம் திரும்பத் திரும்ப உங்கள் வாசலுக்கு வருகிறது.

பள்ளியை நடத்தும் செலவுக்கான மொத்த விகிதம் 20 மில்லுக்குக் கீழே போகாது என்று ஒரு தடுப்பும் உண்டு. அதில் போய் முட்டிய ஊர்களில் வீட்டு மதிப்போடு வரியும் ஏறிவந்தது. அங்கே குடியிருந்தால் உங்கள் கோபம் நியாயமானதே. மற்ற ஊர்க்காரர்கள் அதை இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

யாராவது மாநில உச்ச நீதிமன்றத்தை இழுத்தால் பதற வேண்டாம். உள்ளூர்ச் சொத்துவரியை இவ்வளவு நம்பிப் பள்ளி நடத்துவது மாநில அரசமைப்புக்கு முரண் என்று டிரோல்ஃப் வழக்கில் 1997-ல் தீர்ப்பு வந்தது. 2000-லும் 2002-லும் மறுபடி சொன்னார்கள். லெவி அதையெல்லாம் தாண்டி உங்கள் வாக்குச்சீட்டில் இருக்கிறது.

உங்களுக்கு உண்மையில் கோபம் மளிகை பில் மேல், இன்ஷூரன்ஸ் மேல், கவுண்டியிலிருந்து வந்த மறுமதிப்பீட்டுக் கடிதத்தின் மேல். அதையெல்லாம் யாரும் உங்களைக் கேட்டுச் செய்வதில்லை. கேட்கிறது இந்த லெவி ஒன்றுதான், பிடித்து வெளுத்துவிடுங்கள்.

தோற்ற லெவிக்குப் பிறகு பஸ் குறையும். எட்டாம் வகுப்பு வரை, 2 மைலுக்கு அப்பால் இருக்கும் பிள்ளைகளை ஏற்றினால் சட்டத்துக்குப் போதும். மற்ற பெற்றோர் காரில் கொண்டுவந்து விட, பள்ளி வாசல் அடைத்துக்கொள்ளும். அதற்கும் நிர்வாகத்தைத் திட்டலாம். ஃபுட்பால் ஆடக் கட்டணம் வைக்கும்போது மட்டும் எச்சரிக்கை. வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்தில் கைவைத்தால் ஒஹாயோக்காரர் மனம் மாறி, அடுத்த லெவியை ஜெயிக்க வைத்துவிடக்கூடும்.

கடைசியாக, வீட்டை விற்கும்போது விளம்பரத்தின் முதல் வரியில் ‘நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ என்று போடுங்கள். வாங்க வருகிறவர் லெவி கதையைக் கேட்டால், புதிதாகக் கட்டிய சமையலறையைக் காட்டுங்கள்.