உகர விளக்கம்: புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

ஆய்வின் நோக்கம்

தமிழ் உயிரெழுத்துகளில் ஐந்தாவதாக நிற்பது உகரம். அகரத்துக்குத் திருவள்ளுவர் முதற்குறளிலேயே இடம் கொடுத்துவிட்டார். ஆகாரம் பசுவாகிப் பால் கறக்கிறது. ஈகாரம் பலகாரத்தின் மேல் உட்கார்கிறது. ஐகாரம் தலைவனாம். ஓகாரத்தைப் போடுவதற்கென்றே கல்லூரிதோறும் ஒரு கூட்டம் உண்டு. உகரத்தைத்தான் கேட்பாரில்லை. ஓரெழுத்தொருமொழிகள் 42 என்று பட்டியலிட்ட நன்னூலார் உயிரில் ஆறு நெடிலுக்கு இடம் தந்தார். உகரத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார். தனியே நின்றால் சொல்லாகத் தேறாத இந்த எழுத்து எத்தனை வேலை பார்க்கிறது என்று காட்டுவதே இவ்வாய்வு.

களம் புதுக்கோட்டை மாவட்டம். என்னை? பெயரிலேயே இரண்டு உகரம் உடைமையான் என்க.

வட்டவாரிக் கணக்கெடுப்பு

இம்மாவட்டத்தில் 12 வட்டங்கள். எழுத்தெண்ணிப் பார்த்ததில் ஆலங்குடி, திருமயம், குளத்தூர், இலுப்பூர், ஆவுடையார்கோவில், மணமேல்குடி, கறம்பக்குடி ஆகிய ஏழும் ஆளுக்கோர் உகரம் வைத்திருக்கின்றன. அறந்தாங்கி, கந்தர்வகோட்டை, பொன்னமராவதி, விராலிமலை நான்கும் உகரம் இன்றியே காலம் தள்ளுகின்றன. இரண்டு உகரம் உடையது புதுக்கோட்டை ஒன்றே. 1974 ஜனவரி 14-இல் மாவட்டம் பிறந்தபோது அவ்வூரே தலைநகரானது ஏன் என்பது இப்போது விளங்கும். சமஸ்தானத் தலைநகராக இருந்தமையால் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். அவர்கள் எழுத்தெண்ணிப் பார்த்தவர்கள் அல்லர்.

குளத்தூரிலும் இலுப்பூரிலும் ஊகாரமும் இருக்கிறதே எனின், அது பக்கத்து வார்டு ஓட்டு, இங்கே செல்லாது.

பழமை

சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில் சமணர் படுத்த கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. எருமிநாடு, குமுழூர் என்று அது சொல்லும் இரண்டு இடப்பெயர்களிலும் உகரம் உண்டு. பிராமியில் உகர உயிர்மெய்க்கு எழுத்தின் காலடியில் ஒரு சிறு கோடு இழுத்தால் போதும். தனி உகரமோ ஆங்கில எல் எழுத்தைப் போலவே இருக்கும். வண்டி பழகுவோர் முகப்பில் ஒட்டியிருக்கும் சிவப்பு எழுத்து உண்மையில் பிராமி உகரமே என்பதும், அது பிள்ளையார் துணையை வேண்டி இடப்பட்டது என்பதும் எம் துணிபு. பின்னால் வருவோர் நிலையும் அதுவே.

சுழி

உகரத்தின் தலையாய தொழில் பிள்ளையார் சுழி. ஏட்டின் பதத்தையும் எழுத்தாணியின் கூரையும் சோதிக்க ஒரு சுழியும் ஒரு கோடும் இழுத்துப் பார்த்த பழக்கமே இது என்பர் ஒரு சாரார். தும்பிக்கையின் வடிவம் என்பர் மறு சாரார். பிரணவத்தின் நடு எழுத்து என்பர் மூன்றாமவர். மூன்று கட்சியும் ஒப்புக்கொள்ளும் உண்மை ஒன்றுண்டு: அதை எவரும் வாய்விட்டு வாசிப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையை உரக்கப் படிக்கும் பெரியவர் ‘நிகழும் மங்களகரமான’ என்றுதான் தொடங்குவார். மளிகைச் சீட்டில் மஞ்சளுக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் உகரத்தைக் கடைக்காரர் பொட்டலம் கட்டித் தருவதில்லை.

வடகாடு, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்துக் காலம். பந்தலுக்குள் ஆட்டுக்கறி விருந்து நடக்க, வாசலில் வரிசையாக மேசை போட்டு மொய் எழுதுவார்கள். லட்சங்கள் விழும் அந்த நோட்டில் முதல் வரவு இந்த உகரந்தான். பெயர் இல்லை, ஊர் இல்லை, தொகையும் இல்லை. ஆனால் திருப்பிச் செய்யவேண்டாத மொய் அந்த நோட்டிலேயே அது ஒன்றுதான்.

எண்ணும் தேதியும்

தமிழ் எண்களில் 2-க்கும் வடிவம் ௨. பழைய தமிழ் நூல்களைத் தேடிச் சேர்த்து வைத்திருக்கும் புதுக்கோட்டை ஞானாலயா போன்ற நூலகத்தில் தமிழ் எண்ணிட்ட பழம்பதிப்பு ஒன்றைப் பிரித்தால், இரண்டாம் பக்கத்துக்கும் பிள்ளையார் சுழி போட்டதுபோல் தோன்றும். இது போதாதென்று பழைய பத்திரங்களில் மாதத்துக்கு ‘மீ’, தேதிக்கு ‘உ’ என்று குறியிட்டார்கள். ஆகவே ஆடி 2-ஆம் தேதி எழுதிய கடன் சீட்டில் உச்சியில் ஓர் உ, தேதியில் ஓர் ௨, அதையடுத்துக் குறியாக ஓர் உ, வட்டி 2 என்றால் மேலும் ஓர் ௨. தேதிக் குறியையும் எண்ணென்று படித்துவிட்டால் ஆடி 2 ஆடி 22 ஆகிவிடும். இருபது நாள் வட்டி யாருக்கு?

ஆனாலும் ராங்கியம், ராயவரம் போன்ற செட்டிநாட்டு ஊர்களின் கணக்கப்பிள்ளைகள் இதற்காகக் குழம்பியதாகத் தெரியவில்லை. மேலே நின்றால் பிள்ளையார், நடுவில் நின்றால் இரண்டு, எண்ணுக்குப் பின்னால் நின்றால் தேதி. இடமறிந்து பொருள் கொள்க.

பாதி உயிர்

இனிக் குற்றியலுகரம். கு, சு, டு, து, பு, று என்னும் ஆறும் தனிக்குறிலை அடுத்து அல்லாமல் சொல்லின் கடைசியில் வரும்போது உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறுகிவிடும். சம்பளம் பாதியானாலும் வேலை குறைவதில்லை. வல்லின மெய்யில் சொல் முடிவதைத் தமிழ் நாக்கு ஏற்காது. ஆகவே வெளியூர்ச் சொல் எது வந்தாலும் உகரம் போய்க் கைத்தாங்கலாக நிற்கும். கோர்ட்டு, பாங்கு, டிக்கெட்டு. புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் நடத்துநர் ‘ரைட்டு’ என்றால்தான் வண்டி நகரும். உகரம் இல்லாத ரைட்டுக்கு நகர்ந்த வண்டி இல்லை.

சமஸ்தானம் வெளியிட்ட அம்மன் காசில் ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. 20 காசு சேர்ந்தால் ஓர் அணா. அத்தனை சிறிய நாணயத்துக்கு ஈற்றில் அத்தனை சிறிய உயிர் வாய்த்தது பொருத்தமே. உயிரெழுத்து எதிரே வந்தால் குற்றியலுகரம் மெய்யை விட்டு ஓடிவிடும் என்பது புணர்ச்சி விதி. காசு + இல்லை = காசில்லை. காசும் போயிற்று, உகரமும் போயிற்று.

இவ்வாய்வின் தலைசிறந்த கண்டுபிடிப்பு இனி வருகிறது. ஒன்று முதல் எண்ணிப் பாருங்கள். இரண்டு, பத்து, ஐம்பது, நூறு, எண்ணூறு, எல்லாம் உகரத்திலேயே முடியும். ஏழுக்கு முழு உகரம், மற்றவற்றுக்குக் குறுகிய உகரம், அவ்வளவே வேறுபாடு. இந்த ஆட்சி 899 வரை தடையின்றி நடக்கிறது. தொள்ளாயிரத்தில்தான் முதன்முதலாக மகரம் குறுக்கிடுகிறது. ஆயிரத்திலும் அதே கதை. மொய் வைப்போர் ஆயிரத்தோடு நிறுத்தாமல் ஆயிரத்தொன்று வைப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை இதுவே. இழந்த உகரத்தை மீட்கத்தான் அந்த ஒரு ரூபாய்.

சுட்டு

அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள் என்றார் தொல்காப்பியர். அதுவும் இதுவும் நம்மிடம் நிலைத்தன, உது போய்விட்டது. எங்கே போயிற்று எனின், மணமேல்குடி வட்டத்தில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் நின்று கடலைப் பார்க்க. அக்கரையில் யாழ்ப்பாணத்தார் கேட்பவர் பக்கத்தில் உள்ள பொருளை இன்றும் ‘உது’ என்றே சுட்டுகிறார்கள்.

குடுமியான்மலை

உகரம் பாடியும் இருக்கிறது. குடுமியான்மலைக் குகைக்கோயிலுக்கு அருகே பாறையில் கிரந்த எழுத்தில் ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு உள்ளது. மகேந்திரவர்மன் வெட்டுவித்தது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள்; பின்வந்தோர் சிலர் மறுத்தார்கள். எபிகிராபியா இண்டிகா 12-ஆம் தொகுதியில் பண்டார்கர் இதைப் பதிப்பித்தார். ஏழு பகுதிகள், சுரங்கள் நான்கு நான்காக நிற்கின்றன. நாம் அறிந்த ச, ரி, க, ம அல்ல: ச, சி, சு, செ என்றும் ர, ரி, ரு, ரெ என்றும் ஒவ்வொரு சுரமும் நான்கு உயிர் ஏறி வருகிறது. இந்த உயிர் மாற்றம் சுருதி வேறுபாட்டைக் குறிப்பதா, நரம்பை மீட்டும் முறையைக் குறிப்பதா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. கச்சேரியின் பின்வரிசையில் ரசிகர்கள் ‘உச்’ கொட்டிய இடங்களே உகரம் என்பது எம் தாழ்மையான கருத்து. கல்வெட்டின் அடியில் தமிழில் ஒரு குறிப்பு உண்டு: இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியன என்பது அதன் கருத்து. எட்டு, ஏழு இரண்டும் உகர ஈறு என்பதைச் சான்றோர் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

முடிபும் வேண்டுகோளும்

தலையில் நின்றால் யாரும் வாசிப்பதில்லை. கடையில் நின்றால் பாதிதான் ஒலிக்கிறது. தனியே நின்றால் சொல்லாவதில்லை. ஆயினும் உகரம் இன்றிக் கணக்குத் தொடங்காது, எண் முடியாது, பஸ்ஸும் கிளம்பாது. ஆகவே தமிழ் எழுத்துகளில் மிகுதியாக உழைத்துக் குறைவாகப் பெயர் வாங்கியது உகரமே என்று தீர்ப்பளிக்கிறோம்.

குடுமியான்மலைக்கும் சித்தன்னவாசலுக்கும் செல்வோர்க்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பாறைகளில் எழுதவேண்டியதை முன்னோர் எழுதி முடித்துவிட்டார்கள். உங்கள் பெயரையும் உங்கள் மனம் கவர்ந்தவர் பெயரையும் அவற்றின் மேல் கீறாதீர்கள். எழுதியே ஆகவேண்டும் என்று கை துறுதுறுத்தால், பையிலிருக்கும் நோட்டை எடுத்து மேலே ஓர் உ போட்டு, அங்கே எழுதுங்கள்.