துரு வாங்கலையோ, துரு!

திருவான்மியூரில் கடலுக்கு நாலு தெரு தள்ளி எங்கள் வீடு. இங்கே ஒரு பொருள் துருப்பிடிக்க யாரும் மெனக்கெட வேண்டாம். சைக்கிள், கொடிக்கம்பி, ஜன்னல் கிராதி என்று எல்லாவற்றையும் உப்புக்காற்று வீடு தேடி வந்து கவனித்துக்கொள்ளும். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, துரு நிறப் பெயிண்டைச் சுண்டுவிரல் உயரக் குப்பியில் காசு கொடுத்து வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வினை ஒரு ஜெர்மன் படத்தில் தொடங்கியது. 1981-ல் வொல்ஃப்காங் பீட்டர்சன் எடுத்த ‘தாஸ் போட்’. நீர்மூழ்கிக்குள் மாட்டிக்கொண்டவர்களோடு இரண்டரை மணி நேரம் நானும் வியர்த்தேன். படம் முடிந்ததும் அந்தக் கப்பல் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய டைப் 7 வகைக் கப்பல் அது; அந்த வகையில் மட்டும் 700 கப்பல்களுக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். எனக்கு ஒன்று கூடாதா?

அசல் 67 மீட்டர். நான் ஒட்டிச் செய்த மாதிரிக் கப்பல் அதில் 350-ல் ஒரு பங்கு, 19 சென்டிமீட்டர். நல்ல முருங்கைக்காயை மூன்றாக நறுக்கினால் ஒரு துண்டு. அசலின் மேல்தளத்தில் 88 மில்லிமீட்டர் பீரங்கி. அதை 350-ஆல் வகுத்தால் குழாயின் வாய் கால் மில்லிமீட்டர். இடுக்கியால் பிடித்தேன். டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தரையில் டார்ச் அடித்துத் தவழ்ந்துகொண்டிருந்தபோது மனைவி வந்தாள்.

“என்னங்க தேடுறீங்க?”

“பீரங்கி.”

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து, துவைத்துக் காய்ந்த லுங்கியின் மடிப்பில் அது கிடைத்தது. சேதாரமில்லை.

ஒட்டி, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாம்பல் நிறம் அடித்த கதையெல்லாம் வேண்டாம். கப்பல் ஜம்மென்று வந்தது. அதுதான் தப்பாம். வாரக்கணக்கில் அட்லாண்டிக்கில் அலைந்த கப்பல் மாப்பிள்ளை மாதிரி இருக்கலாமா? பழசாக்க வேண்டும். அதற்கு உப்பு வித்தை என்று ஒன்று உண்டு. முதலில் துரு நிறம், அதன்மேல் ஈரத்தில் உப்பைத் தூவிக் காயவிட்டு, மேலே சாம்பல் பெயிண்ட். பிறகு உப்பைத் தேய்த்து உதிர்த்தால் அந்த இடங்களில் மட்டும் அடித்துரு எட்டிப் பார்க்கும்.

எங்கள் வீட்டில் கல்லுப்புதான். கை நிறைய அள்ளித் தூவினேன். உதிர்த்த பிறகுதான் கணக்குப் போட்டேன்: 3 மில்லிமீட்டர் கல்லை 350-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டருக்கு மேல். கேப்டன் தவழ்ந்து போகிற அளவுக்குப் பெயிண்ட் உரிந்த இடங்கள், உடம்பெல்லாம் அம்மை போட்டாற்போல. தூள் உப்பு வாங்கிவந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். அம்மை மணல்வாரியாக மாறியது.

அந்த வாரம் எங்கள் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தார். தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர் மேஜையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“இது என்ன சார்?”

“நீர்மூழ்கிக் கப்பல். துருப்பிடிச்ச மாதிரி செய்யறேன்.”

முகத்தில் சிரிப்பே இல்லை. தொழில்காரர். பக்கவாட்டில் வரிசையாக இருந்த ஓட்டைகளைக் காட்டி, “இதுல தண்ணி வருமா?” என்றார். வரும் என்றேன். வெளிக்கூட்டுக்குள் புகுந்த கடல், கப்பல் மேலே வரும்போது அந்த வழியாகத்தான் கொட்டும்.

“அப்ப ஓட்டைக்குக் கீழதானே சார் துரு இறங்கணும்? நீங்க தண்ணி நிக்காத எடத்துல எல்லாம் வெச்சிருக்கீங்க.”

கையோடு என்னை வாசலுக்குக் கூட்டிப்போனார். கேட்டின் கீலிலிருந்து துரு வழிந்த தடம். மேலே கறுப்பு, அடுத்து காப்பிக்கொட்டை நிறம், ஓரத்தில் மட்டும் ஆரஞ்சு. இறங்க இறங்கத் தேய்ந்து ஒரு நூலாகி மறைந்தது. நாலு வருஷமாகத் தினமும் திறந்து மூடும் கேட். ஒரு கையில் கப்பலும் மறு கையில் டர்பன்டைன் தோய்த்த தூரிகையுமாகக் குந்தி உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பூசினேன். பால் பாக்கெட் வாங்கப் போன எதிர்வீட்டு மாமா திரும்பி வரும்போதும் நான் அங்கேயே இருந்தேன்.

மூன்றாவது ஓட்டைக்கு வந்தபோது பெயிண்டர் ரெட் ஆக்சைடு டப்பாவைத் திறந்தார்.

“அண்ணே, கீல் பக்கம் மட்டும் விட்டுடுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் எனக்கு அது வேணும்.”

அவர் கேட்டைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், மாடியில் நின்ற என் மனைவியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“விடறேன் சார். ஆனா கூலி குறைக்க மாட்டேன்.”