தலையாரியின் இருமல்

எங்கள் ஊர் மதகில் உட்காரும் பையன்களைப் பற்றி, போன தை மாதத்தில் மட்டும், ஊர் வாட்ஸ்அப் குழுவில் நான்கு புகார்கள் வந்தன. அவற்றில் இரண்டு நான் எழுதியவை. பைக்கின் சைலன்சரைக் கழற்றிவிட்டு ராத்திரி பத்தரை மணிக்கு ஊரை எழுப்புகிறார்கள், பாட்டிலை உடைத்து வாய்க்காலில் போடுகிறார்கள், போகிறவர் வருகிறவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போனவன், அந்த மூன்றாவது குற்றத்துக்கு வந்தபோது கொஞ்சம் தயங்கினேன். ஏனென்றால் 1974 வாக்கில், அதே மதகின் அதே மேற்குக் கட்டையில், ஒற்றை பாசிங் ஷோ சிகரெட்டை நான்கு பேராகப் பங்குபோட்டு இழுத்தபடி, வில்வண்டியிலிருந்து இறங்க முடியாமல் தவித்த ஒரு பெரியவரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த கூட்டத்தில் அடியேனும் ஒருவன். பெரியவர் பெயரைச் சொன்னால் அவருடைய பேரன் வருத்தப்படுவார். குழுவின் அட்மின் அவர்தான்.

குடமுருட்டிக் கரை ஊர் எங்களுடையது. போலீஸ் ஸ்டேஷன் ஆறு மைல் தள்ளி இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை, அரைக்கால் சட்டையும் சைக்கிளுமாக ஒரு கான்ஸ்டபிள் வருவார். பிள்ளையார் கோயில் சுவரில் ஆணியில் தொங்கும் ரோந்துப் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார். திண்ணையில் மோர் குடிப்பார். வெயில் தாழப் போய்விடுவார். ‘இரவு 1.15’ என்று அவர் எழுதியிருப்பதைப் பகல் மூன்று மணிக்கே நாங்கள் படித்துவிடுவோம். காலத்தை முன்கூட்டி அறிந்த அந்த ஞானியின் மேல் எங்களுக்கு அளவற்ற பக்தி இருந்தது.

உண்மையில் ஊரைக் காத்தவர் தலையாரி. ஒல்லி உடம்பு, தோளில் துண்டு, கையில் பூண் போட்ட மூங்கில் தடி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர் ஒரு சுற்று வருவார். வருவதற்கு முன்னால் அவருடைய இருமல் வந்துவிடும். குளத்தங்கரை திரும்பும்போதே இரண்டு வறட்டு இருமல், பிறகு தடியால் தரையில் ஒரு தட்டு, மறுபடி ஓர் இருமல். அதைக் கேட்டதும் சிகரெட்டை அணைத்துவிட்டு, மதகின் வயிற்றுக்குள் குதித்துவிடுவோம். மேட்டூரில் ஜூன் 12க்குத் தண்ணீர் திறந்து, அது எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும்வரை அந்த இடம் உலர்ந்து, சில்லென்று, ஒளிந்துகொள்வதற்கென்றே கட்டியதுபோல இருக்கும். தலையாரி வந்து எங்கள் தலைக்கு மேலே உட்கார்ந்து, சாவகாசமாக வெற்றிலை மடித்து, “இந்த ஊர்ல எலி தொந்தரவு ஜாஸ்தியாப் போச்சு. தீப்பெட்டியக்கூட எடுக்காம ஓடுதுங்க” என்று இருட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து போவார். கீழே நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். கிழவனை ஏமாற்றிவிட்டோமாம்!

அந்தக் கிழவனுக்கு இருமல் வியாதியே கிடையாது என்பது எனக்கு உறைக்க இருபது வருஷம் பிடித்தது. சென்னையில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் பக்கத்து இலைக்காரர் சும்மா தொண்டையைக் கனைத்தார். கையில் எடுத்த அப்பளத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தலையாரி எங்களைப் பிடிக்க வரவில்லை. ஓடுங்கள் என்று சொல்ல வந்திருக்கிறார்.

சும்மா விட்டுவிடுவார் என்றும் அர்த்தமில்லை. மறுநாள் காலை எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நின்று, “தோப்புல ராத்திரி அணில் ஜாஸ்திங்க. எளனிக் காய்லயே கை வைக்குது” என்பார். அப்பா ஒன்றும் கேட்கமாட்டார். அன்று சாயங்காலம் எருக்குழியிலிருந்து வயலுக்கு எரு சுமக்கும் வேலை என் தலையில் விழும். முதல் தகவல் அறிக்கை, விசாரணை, தீர்ப்பு எல்லாம் அரைச் செம்பு மோர் தீர்வதற்குள் முடிந்துவிடும். இதில் சிறப்பு என்னவென்றால், நாங்கள் திருடியது பெரும்பாலும் என் தாத்தாவின் தோப்பில். அங்கேதான் நாய் எங்களைத் தெரிந்த நாய்.

இதையெல்லாம் பேரப்பிள்ளைகளிடம் சொல்லும்போது கதையை இங்கே நிறுத்திக்கொள்வது என் வழக்கம். ஆனால் தலையாரி எல்லோருக்கும் இருமியதில்லை. தெற்குத் தெருப் பையன் ஒருவன், எங்கள் வயதுதான், அந்தத் தோப்பில் விழுந்து கிடந்த இரண்டு நெற்றுத் தேங்காயை எடுத்ததற்காக, ஒரு காலைப்பொழுது முழுக்கச் சாவடித் தூணில் கட்டப்பட்டிருந்தான். அவனைப் பிடித்த ராத்திரி இருமல் சத்தம் கேட்கவில்லை. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் நின்றேன். அதே தோப்பின் இளநீர் அப்போது என் வயிற்றில் இருந்தது. பிற்பாடு எதையோ தேடப்போய் 1816ஆம் வருஷத்துக் கம்பெனி ரெகுலேஷன் ஒன்றைப் படித்தேன். வாய்ச்சண்டை, சில்லறை அடிதடிக்குக் கிராம முன்சீப் ஆட்களைச் சாவடியில் 12 மணி நேரம் அடைத்துவைக்கலாம். ‘தாழ்ந்த’ சாதியாராக இருந்தால் 6 மணி நேரம் தொழுக்கட்டையில் மாட்டலாம் என்று அச்சில் போட்டிருந்தான் வெள்ளைக்காரன். எங்கள் ஊர் அதைப் படித்ததில்லை. படிக்காமலே மனப்பாடம்.

பிறகு எல்லாம் மாறியது, மாறியவிதம்தான் வேடிக்கை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு மணியத்தையும் கர்ணத்தையும் ஒரே அவசரச் சட்டத்தில் வீட்டுக்கு அனுப்பியது. வி.ஏ.ஓ. வந்தார், தலையாரி காலப்போக்கில் கிராம உதவியாளர் ஆகி, பென்சிலும் பேப்பருமாக அலைந்தார், இரும நேரமில்லை. 1993இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்த ‘போலீஸ் நண்பர்கள் குழு’ எங்கள் பக்கமும் வந்து, விசிலும் தொப்பியுமாகக் கொஞ்ச காலம் திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியது. 2020இல் கடை சாத்த நேரமாயிற்று என்று தொடங்கிய விவகாரத்தில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலில் உயிர்விட்ட பிறகு, அந்தக் குழுவுக்குத் தடை போட்டார்கள். எங்கள் ஊர்த் தாய்மார்கள் அன்றிலிருந்து, பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் தாங்களும் கூடவே போய் வாசலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். புகார் கொடுத்தால் இப்போது சி.எஸ்.ஆர். ரசீது தருகிறார்கள். மோர் யாரும் கொடுப்பதில்லை.

2003இல் அரசே சில்லறை மதுக்கடையை எடுத்து நடத்தத் தொடங்கியதும், மதகுக்கு வரும் சரக்கும் மாறியது. நாங்கள் விட்டுப்போனது தீப்பெட்டி. இவர்கள் விட்டுப்போவது கண்ணாடிச் சில். நடவு சமயத்தில் சேற்றுக்குள் இறங்கும் பெண்களின் பாதங்கள் அதைக் கண்டுபிடிக்கின்றன. இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று 2022இல் நீலகிரியில் தொடங்கினார்கள். விற்கிறவர்களே பொறுக்குகிற இந்த ஏற்பாட்டைக் கேள்விப்பட்டிருந்தால் தலையாரி இன்னொரு வெற்றிலை போட்டிருப்பார்.

சென்னையில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், கேமரா கமிட்டிக்கு என்னைத் தலைவராக்கினார்கள். தலைக்கட்டு வரி மாதிரி வீட்டுக்கு வீடு வசூல்செய்து நான்கு கேமரா வைத்தோம். ஒன்றில் சிலந்தி குடியேறிவிட்டது. இன்னொன்று இருபத்துநாலு மணி நேரமும் ஆடுகளைக் கண்காணிக்கிறது. பிள்ளையார் கோயில் சுவரில் பட்டா புத்தகம் தொங்கிய ஆணிக்குப் பக்கத்தில் இப்போது கியூஆர் கோடு ஒட்டியிருக்கிறது. இளம் காவலர் பைக்கில் வந்து செல்போனைக் காட்டிவிட்டுப் போகிறார், நேரத்தை அதுவே பதிந்துகொள்கிறது, ஞானதிருஷ்டிக்கு இடமில்லை. ரோந்து ஜீப்பு மட்டும் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் போட்டுக்கொண்டு இரண்டு மைலுக்கு அப்பாலிருந்தே தெரிகிறது. ஒருவேளை அதுதான் டிபார்ட்மெண்டின் இருமலோ என்னவோ.

மதகுக் கேமரா வந்த மூன்றாம் நாள் பையன்கள் இடத்தைக் காலி செய்தார்கள். கமிட்டிக்கு வெற்றி. இரண்டு வாரம் கழித்து அந்தக் காவலர் என் வீட்டு வாசலில் நின்றார்.

“சார், பசங்க இப்ப எங்க உக்கார்றானுங்கன்னு தெரியல. உங்களுக்குத்தான் ஊர் மூலைமுடுக்கெல்லாம் அத்துப்படி. கேமராவை எந்தப் பக்கம் திருப்பலாம்?”

எங்கே என்று எனக்குத் தெரியும். முந்தின ராத்திரிதான் டாக்டர் சொன்ன நடைக்குப் போனபோது பார்த்தேன். இடிந்த சாவடியின் பின்புறம் ஏழெட்டுப் பேர். எங்கள் தெருப் பையன்களும் தெற்குத் தெருப் பையன்களும், யார் யாரென்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியாதபடி, அந்தத் தூணில் சாய்ந்துகொண்டு, ஒரே பார்சலில் கைவிட்டுப் புரோட்டா தின்றுகொண்டிருந்தார்கள். பாட்டில் எதுவும் கண்ணில் படவில்லை. சரியாகப் பார்க்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

“சுடுகாட்டுப் பாதைப் பக்கம் திருப்புங்க தம்பி” என்றேன். “அங்கதான் போக்குவரத்து ஜாஸ்தி.”

அன்று ராத்திரி மனசு கேட்காமல் மறுபடி நடக்கப் போனேன். சாவடி திரும்பும் முன்னால் நின்று, தொண்டையில் ஒன்றுமில்லாமலே, இரண்டு தடவை வறட்டாக இருமினேன். கைத்தடியால் தரையில் ஒரு தட்டும் தட்டினேன். எவனும் ஓடவில்லை. ஒருவன் மட்டும் இருட்டிலிருந்து தலையை நீட்டினான்.

“என்ன தாத்தா, சளியா? பனியில எதுக்கு வெளிய வர்றீங்க? சுக்குக் காப்பி போட்டுக் குடிங்க.”